ஏழெட்டு நொடி

உலான்பாதரில் மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகை
நகராமல் நிற்கிறது.
புற ஊதா விளக்கைப் போடுகிறேன்.
நல்ல ஈரலென்றால் வைட்டமின் ஏ
நீலப்பச்சையாய் மினுங்கும், ஏழெட்டு நொடி.
பிறகு, காட்டிய விளக்கே
அதைத் தின்றுவிடும்.

போன மாதம்வரை எல்லைக்கு லாரி ஓட்டிய
கன்தோமரின் துண்டில்
ஆறு இடத்தில்தான் மினுங்கியது.
மற்றதெல்லாம் நார்.

எண்ணெய்த் துளிகளை மடியில் கட்டிக்கொண்டு
சும்மா கிடந்த செல்கள்தாம்.
வைரஸ் சீண்டச் சீண்ட
சேமிப்பைக் கொட்டிவிட்டு எழுந்தன,
காயத்தைத் தைக்க.
தைத்த இடத்தின்மேலேயே தைத்தன.

போதும் என்று சொல்ல
உட்கருவுக்குள் ஒரு புரதம் உண்டு.
ஏற்பி என்கிறோம்.
வைட்டமின் வந்து தொட்டால்தான்
அதற்கு வாய் திறக்கும்.
இந்த ஈரலில் அதுவே அருகிவிட்டது,
மிஞ்சியதையும் தொட ஆளில்லை.

நடைபாதையில் அவர் மனைவி ஓயுன்துல்கூர்,
கையில் ஃபிளாஸ்க்.
ஆட்டீரல் சூப்பாம்.
"இதில் அந்தச் சத்து நிறைய என்கிறார்களே.
கொடுத்தால் சரியாகுமா?"

வைக்க இடமற்ற வீட்டில்
வந்து இறங்கும் மூட்டையும் நஞ்சுதான்.
அதைச் சொல்லவில்லை.
"டாக்டரைக் கேளுங்கள்."
கேட்டுவிட்டாராம். கொடுக்காதே என்றாராம்.
இருந்தும் காலையில் எழுந்ததும்
கை தானாக அடுப்பில் ஏற்றிவிட்டதாம்.

மூடியைத் திறந்து
எனக்கு ஒரு கிண்ணம் ஊற்றினார்.
குடித்தேன். உப்பு சற்றுத் தூக்கல்.

உள்ளே
விளக்கை அணைத்தேனா, இல்லையா?