ஒப்பிடுக (20 புள்ளிகள்)

பாகிஸ்தானின் இராணுவ ஆட்சியாளர் நால்வர்
விட்டுச்சென்றவற்றை ஒப்பிடுக.

இரண்டாயிரத்து எட்டு, ஆடி. தவணைச் சோதனை.
தருமபுரத்தில் ஒரு தறப்பாள் வகுப்பு.
இரண்டு பேரை முடித்துவிட்டேன்.
மூன்றாமவரின் முதல் எழுத்துக்கு
விசிறி போடுகையில் கிபிர் வந்தது.
பங்கருக்குள் விடைத்தாளைத்
தலைக்கு மேல் பிடித்திருந்தேன்,
அதுவும் ஒரு கூரை என்பதுபோல.

அடுத்த மாதம் நாலாமவர் பதவி விலகியதாக
வானொலி சொன்னது.
"இன்னும் ஆட்சியில் உள்ளார்" என்று
நான் எழுதிய வரி அன்றைக்கே பிழையாயிற்று.
திருத்த ஆளில்லை. பிறகு தாளும் இல்லை.

இப்போது அம்பகாமத்தில்
ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் நிற்கிறேன்.
இரண்டு தடிகளுக்கு நடுவே
காலை ஆறரை முதல் எனக்குச் சொந்தமான நாடு.
முகக்கவசத்துள் மூச்சுப் புகார் படிகிறது.
வாரியால் மெல்ல இழுக்க
வீரை வேரடியில் ஒரு பீ-ஃபோர்,
சப்பாத்துப் பொலிஷ் டப்பா அளவு.

வணக்கம், மூன்றாமவரே.
அல்லது நாலாமவரே.
எவர் காலத்தில் வார்த்ததோ,
எழுத்தைக் கறையான் மண் மூடிவிட்டது.
செய்த ஊரின் பெயர் வாஹ் என்று பயிற்சியில் சொன்னார்கள்.
தமிழ் நாக்கில் அது "வா" என்று விழும்.
அங்கே இந்த மூடியை அழுத்திய யாரோ ஒருத்திக்கு
அன்று வயிற்றுநோவாய் இருந்திருக்கலாம்,
சம்பளம் பிந்தியிருக்கலாம்.

சரி, விடையைத் தொடர்கிறேன்.
முதலாமவர் அணை கட்டினார்,
தன் தோளில் தானே நட்சத்திரம் குத்திக்கொண்டார்.
இரண்டாமவர் ஒழுங்கான தேர்தல் ஒன்றை நடத்திவிட்டு
வென்றவர்கள் மேல் படையை ஏவினார்.
பாதி நாடு போயிற்று.
அந்த விமானங்கள் வழியில் எண்ணெய் அடித்தது
நம் கட்டுநாயக்காவில்.
பாடக்குறிப்பில் அந்த வரி இல்லை.
மூன்றாமவர், பிரதமரைத் தூக்கில் போட்டவர்.
சட்டப் புத்தகத்துள் சவுக்கைச் செருகி
வானத்திலிருந்து விழுந்தார்.
நாலாமவர் தொலைக்காட்சிகளைத் திறந்துவிட்டார்,
நீதிபதியைப் பூட்டிவைத்தார்.
அவர் நாளில்தான் பல்குழல் இங்கே வந்து சேர்ந்தது.
அதன் சத்தத்தை
நான் எதனோடும் ஒப்பிடமாட்டேன்.

"அணைக்கு எத்தனை புள்ளி போடுவாய்?"
தேத்தண்ணி வேளையில் நிலோஜினி கேட்டாள்.
அவள் வணிகம் படித்தவள். ஐந்தொகை இறக்காமல் விடமாட்டாள்.
நான் பதில் சொல்லவில்லை.
நேற்று இதே வரிசையில்
எங்கட ஆட்கள் புதைத்த ஜொனி ஒன்று,
பலகை உக்கி, உள்ளே உறுதியாய்.
அதற்கும் இதற்கும் இடையே இரண்டு முழம்.
மண் இரண்டையும் ஒரே கவனத்தோடுதான்
வைத்திருந்தது.

எச்சம் என்று ஒரு சொல்.
ஆண்டவர்கள் விட்டுப்போவதும் அது,
குருவி விட்டுப்போவதும் அதுதான்.
இலக்கண வகுப்பில் இன்னொன்று படித்தோம்:
முடிக்க இன்னொரு வினைக்காகக்
காத்துக்கிடப்பது.

பாலைப்பழம் தின்ற ஏதோ குருவியின் புண்ணியத்தில்
இந்த மூடிக்கு மேலேயே ஒரு கன்று. நாலு இலை.
பாரம் போதாததால் இருவரும் பிழைத்திருக்கிறார்கள்.

பின்னேரம் நாலு மணிக்கு
இருந்த இடத்திலேயே வெடிக்கவைப்பார்கள்.
விதி அது. கன்றைத் தொடக்கூடாது.
விசில் ஊதுகிறது.
நான் சிவப்புத் தடியை நட்டு,
வந்த வழியே பின்னுக்கு நகர்ந்து,
கையுறையைக் கழற்றி,
நாலு இலையையும் இன்னொருதரம் எண்ணி,