நோக்கம்

"இங்கயே குறுக்கும் நெடுக்கும் நடக்காத,
எனக்கு மூச்சு முட்டுது.
எங்கயாவது போய்ட்டு நாலு மணிக்கு வா"
என்றாள் தவமணி.
மெடிக்கல் காலேஜ் வாசலுக்கு வந்த பஸ்ஸில் ஏறினேன்.
அது பழைய பஸ் ஸ்டாண்டு போனது.
அங்கிருந்து நிழல் விழுந்த பக்கமாகவே நடந்தால்
அரண்மனை.

அறுப்பு மிஷின் ஓட்டுகிறவன் நான்.
பதினைந்து வருஷமாக
டயருக்கும் பெல்ட்டுக்கும் இந்தச் சுவரை ஒட்டித்தான் போகிறேன்.
உள்ளே நூலகம் இருப்பது தெரியும்,
கிழக்கே போனால் கடல் என்று தெரிவதுபோல.

பதிவேட்டில் பெயர், ஊர், நோக்கம்.
எனக்கு மேலே ஒருவர் 'ஆய்வு' என்று எழுதியிருந்தார்.
அவருக்குக் கீழே மூன்று பேர் 'மேற்படி'.
நான் 'வெயில்' என்று எழுதினேன்.
காவலர் படித்தார்,
பேனாவை வாங்கிக்கொண்டார்.

கண்ணாடிக்குள் ஏடுகள்.
நெருக்கி விட்ட நாற்றங்கால் போல எழுத்து.
ஒரு பூச்சி முதல் ஓலையில் புகுந்து
கடைசி ஓலையில் வெளியேறியிருந்தது.
குருத்துப் பூச்சியும் இப்படித்தான்.
பயிர் பச்சையாகவே நிற்கும்,
இழுத்தால் நடுக்குருத்து கையோடு வரும்.

பக்கத்தில் ஒரு பெண்
கூட வந்தவளிடம் எரிச்சலாகச் சொன்னாள்:
"புள்ளியே வைக்க மாட்டாங்க. குத்தினா ஓலை கிழிஞ்சிடும்.
இங்க பார், எரின்னு இருக்கு.
நெருப்பா, ஏரியான்னு நாமதான் முடிவு பண்ணணும்."
"எத வச்சு?"
"முன்ன பின்ன படிச்சு."

புள்ளி.
போன வாரம் சின்ன டாக்டர்
படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்து
பேனா முனையால் தொட்ட இடம்.
"இதுவா இருக்கலாம்.
ஒண்ணுமில்லாமலும் போகலாம்.
இன்னொண்ணு எடுத்துடுவோம்."

எரி. ஏரி. எரி.
உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.
ஓலைக்கென்ன,
இன்னும் இருநூறு வருஷம் கழித்து ஒருத்தி வந்து
சரியாகப் படித்தாலும் போதும் அதற்கு.
சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால்.

திரும்பியபோது உறை அவள் மடியில் இருந்தது,
இரண்டு பின் அடித்து.
"எங்க போன?"
"லைப்ரரி."
"நீயா?"
சிரித்தாள். சிரித்ததில் இருமினாள்.
"அங்க ஃபேன் இருந்துச்சா?"
இருந்தது என்றேன்.

"டாக்டர் வரட்டுமே."
"வந்து?"
நகத்தால் முதல் பின்னை நெம்பினாள்.
ஒரு கால் நிமிர்ந்தது.
மறு கால் இன்னும் வரவில்லை.