கடன் கொடுத்த நால்வர்

மூன்று மணி ஆட்டத்துக்கு
இரண்டே முக்காலுக்கு வந்து நின்றது பாகான் வேன்.
இறங்கியவர்களை எண்ணினேன்.
பதினொன்று,
ஓட்டுநரையும் சேர்த்து.

"பெருநீர் நாள்" என்றான் அவர்கள் கேப்டன் சுல்ஹெல்மி.
"நாலு பேர் படகேறிவிட்டார்கள்.
இறால் விற்கிற விலைக்கு
என்ன சொல்லித் தடுக்க?"

லீக் விதி ஒன்பது, உட்பிரிவு இரண்டு.
எனக்கு மனப்பாடம், நான்தான் செயலாளர்.
ஆள் குறைந்தால் ஆட்டம் இல்லை,
வந்து நின்ற அணிக்கு ஐந்து புள்ளி.
ஐந்து கிடைத்தால்
பட்டியலில் எங்களுக்குக் கீழேயும் ஒருவர் இருப்பார்,
ஆறு வருடத்தில் முதல் தடவையாக.

நாங்கள் பத்தொன்பது பேர்.
அதுவே அதிசயம்.
மில்லில் கொதிகலன் பழுது என்பதால்
இரவு ஷிப்டுக்காரர்கள் தூங்கி எழுந்து வந்திருந்தார்கள்,
கேட்டில் நிற்கும் தில் பகதூர்கூட
காவல் சீருடைக் காலுறையோடு.
கம்பங்கள் நான்கும் மில் கழித்துப்போட்ட நீராவிக் குழாய்கள்.
சுண்ணாம்புக்குக் காசில்லாமல்
அடுப்புச் சாம்பலில் கோடு போட்டிருந்தோம்,
காற்றடித்தால் கோடு கொஞ்சம் நகரும்.

"அஞ்சு புள்ளி, பேசாம எழுதிக்க" என்றார்கள் பாதிப் பேர்.
"முட்டிக்குக் கட்டுப் போட்டாச்சு, ஆடாம அவுக்க மாட்டேன்"
என்றது மீதி.
கை தூக்கச் சொன்னேன்.
ஒன்பதுக்கு ஒன்பது.
பத்தொன்பதாவது கை என்னுடையது.

ரெஃப்ரிக்கு எண்பது வெள்ளி கொடுத்தாகிவிட்டது,
திருப்பித் தரமாட்டார்,
அதனால்தான் என்று அன்றைக்குச் சொன்னேன்.

கடனாக நால்வரைக் கூப்பிட்டேன்.
உள்ளதில் மெதுவான மூவர்
(செயலாளனுக்கும் கொஞ்சம் புத்தி உண்டு).
நான்காவது தயாபரன்,
என் தங்கை வீட்டுக்காரன்,
செம்பனைக்குலை லோரி ஓட்டுகிறவன்.
கூப்பிடாமலே பச்சைச் சட்டையைக் கழற்றினான்.
பாகானின் நீலம்
அவன் வயிற்றைத் தாண்டி இறங்கவில்லை.

முதல் ஸ்க்ரம்.
குனிந்து பூட்டிக்கொண்டதும்
என் காதோடு உரசியது அவன் காது.
"ராத்திரி சாப்பிட வந்துடுங்க மச்சான்,
மீன் வாங்கியிருக்கா."
தள்ளினான் பாருங்கள்,
லோரியே வந்து மோதியதுபோல.

கடைசி ஐந்து நிமிடம்.
நாங்கள் பன்னிரண்டு, அவர்கள் பத்து.
எங்கள் லைன் அவுட் பந்து யார் கையிலும் நிற்காமல்
அவன் மடியில் வந்து விழுந்தது.
எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள்,
லேஸ் கட்ட நின்ற நான் மட்டும்
சாம்பல் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

வருகிறான்.
வேகமில்லை, ஆனால் நிற்கவும் இல்லை.
இடது முட்டி.
போன மாதம் தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்கு
நான்தான் கூட்டிப் போனேன்,
படத்தில் டாக்டர் சுட்டிய இடமும் நினைவிருக்கிறது.
அங்கே ஒரு தோள் போதும்.

வலது பக்கம் பாய்ந்தேன்.
இடுப்பைப் பிடித்தேன், விடவில்லை,
அது சத்தியம்.
என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு
விழுந்தான் கோட்டுக்கு அப்பால்.
இரண்டு பேர் வாயிலும் சாம்பல்.

பதினைந்துக்குப் பன்னிரண்டு.
ஏழுக்குள் தோற்றால் ஒரு புள்ளி உண்டு,
அந்த ஒன்றோடு இன்னும் அடியில்தான் இருக்கிறோம்.
லீக்கிலிருந்து போன் செய்தார்கள்:
பாகான் பட்டியலில் தயாபரன் என்று ஒருவருமில்லையே,
ட்ரை போட்டது யார்?
எங்கள் ஆள்தான் என்றேன்.
அப்படியானால் புள்ளி யாருக்கு என்றார்கள்.
அவர்களுக்கு.
அந்தப் பக்கம் பேனா மூடுகிற சத்தம்.

அன்றிரவு தங்கை கேட்டாள், யார் ஜெயித்தது.
நாங்கள் இருவரும்
முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தோம்.

நீலச் சட்டையை அவன் இன்னும் திருப்பித் தரவில்லை.
மறு ஆட்டம் பாகானில்.
நாள்காட்டியில் அந்தச் சனிக்கிழமையைச் சுற்றி
பேனாவால் வட்டம் போட்டிருக்கிறான்,
பக்கத்துக் கட்டத்தில்
முழு நிலா.