மொத்த மணித்தியாலம்

இரணைமடுச் சந்தியில் என் கடை.
போட்டோக்கொப்பி, லமினேட்டிங், ரீலோட்.
சீருடை இல்லாமல் வந்தார் ஸ்குவாட்ரன் லீடர் தேனுவர,
கையில் நீலமட்டைப் பதிவேடு.
எல்லாப் பக்கமும் ரெண்டு கொப்பி வேணும் என்றார்
முகாமில் பழகிய தமிழில்.

டோஹாவில் வேலையாம்.
மணித்தியாலம் காணும், வயதுதான் இடிக்குதாம்.
இன்னும் பதினாலு மாதம் நின்றால் பென்சன்,
இப்பவே போனால் மகளுக்கு நல்ல பள்ளிக்கூடம்.
"போறதோ, நிக்கிறதோ? நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"
மெஷின் சூடாகட்டும் என்றேன்.

நாள், வகை, புறப்பாடு, இறக்கம், நேரம்.
சின்னச் சின்னச் சாய்வெழுத்து.
பச்சை வெளிச்சம் பக்கம் பக்கமாய் உழுதுகொண்டு போனது.
நாற்பத்தோராம் பக்கத்தில் தாள் சிக்கியது.
இழுத்தெடுக்கையில் கண்ணில் பட்டது:
மாசி பதினொன்று. காலை.
ஒரு மணி பத்து நிமிடம்.

அந்த ஒரு மணி பத்து நிமிடத்தை
நானும் எண்ணியிருக்கிறேன்,
பனங்குற்றி மூடிய குழிக்குள்,
தம்பி சாந்தரூபனின் மூச்சை வைத்து.

அன்றைக்கு இவர் ஏற்றிப் போனது
குண்டா, காயப்பட்ட அவர்களின் பெடியளா?
அதற்கொரு கட்டம் அந்தத் தாளில் இல்லை.
நான் கேட்கவில்லை.

பக்கத்தை மேசையில் வைத்து நீவினேன்.
திரும்ப அடித்தேன். கறுப்பாய் விழுந்தது.
"அது தெளிவா இருக்கவேணும்,
ஒரு மணி குறைஞ்சாலும் எடுக்கமாட்டாங்கள்."
மூன்றாம் தரம் சரி வந்தது.

பழுதானதுக்குக் காசு எடுக்கவில்லை.
அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லாதது
மோட்டர்சைக்கிள் சந்தி தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது.

பழுதான இரண்டு தாளும்
இன்னும் லாச்சிக்குள் கிடக்கு.