வி-4

அட்டன் நீதவான் மன்றில் பதினோரு வருடமாக
ஒருவர் வாயிலிருந்து எடுத்து
இன்னொருவர் காதில் வைப்பது என் தொழில்.

இன்று சடையாண்டி யோகமலர்.
மேப்பிரிவு, எட்டாம் லயம், மூன்றாம் காம்பிரா.
கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு
டவுன் பேக்கரிக்கு வேலைக்குப் போனாள்.
வழக்கேட்டில் இதற்குப் பெயர்
“அனுமதியின்றிக் குடியிருத்தல்.”

தோட்டத்துச் சட்டத்தரணி சொல்கிறார்:
வேலை செய்தால் வீடு.
இல்லையென்றால் சாவியைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு
நடக்கட்டும், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே.
தமிழில் சொல்கிறேன்.
கடைசி வரியில் தொண்டை இடறுகிறது,
அதற்குப் படி கிடையாது.

அவள் தரப்பு எழுந்து
அரசியலமைப்பின் பதினான்காம் உறுப்புரையை விரிக்கிறது.
விரும்பிய தொழில். விரும்பிய இடத்தில் வதிவு.
“நிதஹஸ” என்கிறார்.
“சுதந்திரம்” என்கிறேன்.
கூண்டின் விளிம்பைப் பிடித்தபடி கேட்கிறாள்:
“அதுக்கு முழுப்பேரா அரைப்பேரா, ஐயா?”

மன்று நிமிர்ந்து பார்க்கிறது.
ரெண்டு கிலோ குறைந்த நாட்களில்
அரை ஆளாக லயத்துக்குத் திரும்பியவள்.
இதை எப்படிச் சிங்களத்தில் வைக்க?
“அரை நாள் சம்பளம்” என்று வைத்தேன்.
பேர் பாதி வழியில் விழுந்துவிட்டது.

பிறகு பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்தது
அந்தத் துண்டு.
மடிப்பெல்லாம் விட்டுப்போய்,
ஓரத்தில் வெற்றிலைக் காவி.
மொக்கையன். கடன் அறுபத்திரண்டு ரூபா.
கட்டுகிற தோட்டம் ஆளைக் கூட்டிப் போகலாம்.
இந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்து
எழுபது வருடம் கழித்து எழுதியது.
நல்ல கையெழுத்து, கோணல் இல்லாமல்.

“கனம் நீதவான் அவர்களே,
இவள் பூட்டன் இதே மேப்பிரிவில்
வதிந்ததற்கு அத்தாட்சி.”

போக விடாத கடதாசி
போகச் சொல்லாதே என்கிறது.
நான் அதன் நெற்றியில்
சிவப்பு மையில் வி-4 எழுதினேன்.
மை ஊறி மறுபக்கம் வந்தது.

தவணை மாசி பதினேழுக்கு.
அவள் கை நீட்டினாள், துண்டைத் திருப்பிக் கேட்டு.
மூலப் பிரதி மன்றில்தான் இருக்கும், தீர்ப்பு வரை,
என்றேன், யாரும் சொல்லச் சொல்லாமலே.

“அப்ப தாத்தாவை
இன்னும் விடலையா?”

மன்று எழுந்துவிட்டது,
இதை மொழிபெயர்க்க எவருமில்லை.
ரெண்டரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.
மாலைப் பாணுக்கு மா பிசைய வேண்டும்,
லேட்டானால் அங்கேயும்
வெட்டுவார்கள்.