உள்ளது

அம்பாசமுத்திரம் கோர்ட்டில் தட்டச்சு எனக்கு.
கூண்டேறிய ஆவுடைத்தங்கம்
உறுதிமொழியைப் பாதியில் நிறுத்தினாள்:
"உண்மைன்னு எனக்கு வாயில வராதுய்யா.
உள்ளதச் சொல்லுதேன்."
நான் 'உண்மை' என்றே அடித்தேன்,
படிவத்தில் அதற்குத்தான் இடம்.

மணல் லாரி எத்தனை?
எண்ணல.
வந்ததை யார் பார்த்தது?
நாய் கொலச்சுது.
பிறகு உனக்கு என்னதான் தெரியும்?

"எங்க படித்துறையில
முட்டளவு மணல் கெடந்துது.
இப்பம் கால வச்சா பாறை.
உள்ளது அம்புட்டுதான்,
இல்ல."

வக்கீல் சிரித்தார்.
உள்ளது, இல்லை:
இரண்டையும் ஒரே வரியில் எப்படி அடிப்பது?
விரல் நின்றது.
மேலே போய்
'உண்மை'மீது வெள்ளை தடவினேன்.
அது காய்வதற்குள்
அடுத்த சாட்சியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.