படிவத்தில் இல்லாத கட்டம்

டக்கோமா துறைமுகத்தின் பின்புறம்
மருத்துவக் கட்டில்கள் செய்யும் ஆலை.
பணியாளர் பிரிவு, இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு நேர் கீழே கார் நிறுத்துமிடம்.
எண்ணுவது என் வேலை:
நானூற்றுப் பன்னிரண்டு கார்கள்,
நானூற்று முப்பது பேர்.
மீதி இருக்கைகளில்
ஈரக் குடை, நேற்றைய காப்பிக் கோப்பை,
பெல்ட் மாட்டி உட்கார்த்திய ஒரு பூசணிக்காய்.
அக்டோபர் அது.

நகரத்திலிருந்து கடிதம் வந்தது.
தனியாக ஓட்டி வருகிறவர்களைக் குறையுங்கள்,
குறைத்த கணக்கைக் காட்டுங்கள்.
மஞ்சள் தாளில் படிவம் அடித்தேன்.
பேருந்து, சைக்கிள், வேன், நடை,
தனியே காரில்.
திங்கள் முதல் வெள்ளி வரை
ஆளுக்கு இருபத்தைந்து கட்டம்.
எல்லோருடையதும் வாங்கி அடுக்கியபின்
கடைசியாக என்னுடையது.
மார்கிட் ஹல்வர்சன். தனியே. ஐந்து நாளும்.

ஊருக்குத்தான் உபதேசம்.

வீட்டில் மூன்று பிள்ளைகள்.
இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் கணவன்.
அலுவலகத்தில் தடுப்பே இல்லாத மேசைகள்.
இரண்டுக்கும் நடுவே முப்பத்தெட்டு நிமிடம்,
மழை வழியும் அந்தத் தகரப் பெட்டிக்குள்தான்
எனக்கென்று ஒரு கதவு இருந்தது.
அழுதிருக்கிறேன் அதற்குள்.
மேலாளரிடம் சொல்ல வேண்டியதை
முன்னால் போகும் மரலாரியிடம் சொல்லியிருக்கிறேன்.
ஒன்றுமே செய்யாமலும் இருந்திருக்கிறேன்,
அதுதான் அதிகம்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
கட்டம் போட்டவளே நான்தான்.

ஜனவரியில்
காரை நிறுத்த நாளுக்கு ஆறு டாலர் என்றார்கள்.
இடத்தை விட்டுக்கொடுத்தால்
சம்பளத்தோடு மாதம் நூறு.
உருகும் பனிமலைகள் என்னை அசைத்ததாகச் சொன்னால் பொய்.
மூத்தவனுக்குப் பல்லில் கம்பி கட்ட வேண்டியிருந்தது.

வேன் நகரத்துடையது.
ஓட்டுவது சரக்கு ஏற்றும் பகுதி வைஃபாலே,
கதவளவு தோள், குழந்தைக் குரல்.
ஐந்து ஐம்பதுக்கு லூத்தரன் தேவாலயத்தின் முன்னால்
விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவான்.
கிம் துயெட் முட்டை உரிப்பாள், வேன் முழுக்க வாசம்.
ஜெவாதுக்கு எவ்வளவு ஹீட்டர் போட்டாலும் குளிர்.
முதல் வாரம் முழுக்க
முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
முகத்தையும்.

மார்ச்சில் பள்ளியிலிருந்து அழைப்பு.
நடுவன் கம்பியிலிருந்து விழுந்திருக்கிறான், மணிக்கட்டு.
வேன் கிளம்ப இன்னும் மூன்று மணிநேரம்.
கார் வீட்டில்.
கைப்பையைத் தோளில் போட்டு வாசலில் நின்றபோது
கண்ணெதிரே சுவரில் நானே ஒட்டிய தாள்:
அவசரத்துக்கு டாக்சி, செலவு நகரத்துடையது.
எத்தனை பேருக்கு அதைப் படித்துக் காட்டியிருப்பேன்.
எண்ணை அழுத்த விரல் வரவில்லை,
வரவேற்பறைப் பெண் அழுத்தினாள்.

மறுநாள் வேனில்
எல்லோரும் மணிக்கட்டைப் பற்றியே கேட்டார்கள்.
ஜெவாத் மாவுக்கட்டில் ஒட்ட ஒரு டைனோசர் கொடுத்தான்.
நன்றாக இருந்தது. மூச்சும் முட்டியது.
எது பெரிது என்று
இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அன்று மதியம்
சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு
நிறுத்துமிடத்தில் சும்மா நின்றேன்,
பழைய பழக்கம்,
என் இடத்தில் இப்போது சைக்கிள் கொட்டகை.
வைஃபாலே எதிரே வந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
வேன் சாவியை என் கையில் வைத்து
"பன்னிரண்டரை வரைக்கும்" என்றான், போய்விட்டான்.

உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினேன்.
ஓட்டுநர் இருக்கை
ஏற்கெனவே பின்னால் சாய்க்கப்பட்டிருந்தது.
வெயில் தடுப்பில் செருகியிருந்தது
என் மஞ்சள் படிவம், பின்பக்கம் திருப்பி,
பேனாவால் கோணலாக ஐந்து கட்டம்.
திங்கள் வைஃபாலே.
செவ்வாய் ஜெவாத்.
புதன் துயெட், பக்கத்தில் ஒரு முட்டைப் படம்.
வெள்ளியும் வைஃபாலே.

வியாழன் காலி.
கூரையில் மழை தொடங்கியது.
கைப்பையில் பேனா தேடினேன்.